வாஷிங்டனுக்கு கோல்ஃப் கொண்டுபோகும் மூட்டை: பிரித்துப் பார்த்து ஒரு மதிப்பீடு

அமெரிக்க வரிச் சட்டத்தின் 144ஆம் பிரிவுக்குள் ஒரு குட்டிப் பட்டியல் இருக்கிறது. வரிவிலக்குப் பத்திரங்கள் மூலம் திரட்டும் பணத்தை எந்தெந்தத் தொழிலுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் பட்டியல். தனியார் அல்லது வணிக கோல்ஃப் மைதானம், கன்ட்ரி கிளப், மசாஜ் பார்லர், ஹாட் டப் கூடம், தோலை வெயில் நிறத்துக்கு மாற்றும் சன்டேன் கூடம், பந்தயத் திடல், சூதாட்டக் கூடம், மதுக்கடை. வரிசையில் முதலில் நிற்பதே கோல்ஃப்தான்.

பட்டியல் ஏட்டோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 2005ல் கத்ரீனா புயல் வளைகுடாக் கரையைப் புரட்டிப் போட்ட பிறகு, மறுசீரமைப்புக்காகக் கொடுத்த வரிச்சலுகைகளிலும் இதே பட்டியலைக் காட்டி கோல்ஃபை வெளியே நிறுத்தினார்கள். 2009 பொருளாதார ஊக்கச் சட்டத்தில் வேறொரு பட்டியல்: சூதாட்டக் கூடம், மீன் காட்சியகம், மிருகக்காட்சி சாலை, கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு ஒரு டாலரும் போகக் கூடாது. பக்கத்து ஹோட்டலுக்குக் கிடைக்கும் உதவி, அதே புயலில் மரம் விழுந்து பம்ப் ஹவுஸ் மூழ்கிய ஒன்பது குழி பொது மைதானத்துக்குக் கிடைக்காது. பணக்காரர் விளையாட்டு என்ற முத்திரைக்குச் சட்டம் போட்ட விலை இது.

இந்த முத்திரையைத் துடைக்கத்தான் 2008ல் வாஷிங்டனில் தேசிய கோல்ஃப் நாள் தொடங்கியது. மைதானக் கண்காணிப்பாளர்கள், கிளப் மேலாளர்கள், மைதான உரிமையாளர்கள், தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பிஜிஏவின் பயிற்சியாளர்கள் என்று தனித்தனியாக இருந்த சங்கங்கள் 2010ல் 'வீ ஆர் கோல்ஃப்' என்ற கூட்டணியாகச் சேர்ந்தன. இப்போது அதன் பெயர் அமெரிக்கன் கோல்ஃப் இண்டஸ்ட்ரி கோயலிஷன். அரசிடம் அவர்கள் கொண்டுபோகும் மூட்டையில் முக்கியமாக மூன்று சரக்கு: பொருளாதார அறிக்கை, சுற்றுச்சூழல் கணக்கெடுப்பு, வாஷிங்டன் நடுவில் விரிந்து கிடக்கும் நேஷனல் மால் என்ற பொதுப் புல்வெளியில் ஒருநாள் உழைப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூட்டையின் மேலே எடுப்பாக வைத்திருக்கும் சரக்கு சுமார் ரகம். அடியில் கிடப்பதுதான் தரமானது.

மேலே இருப்பது பணக் கணக்கு. 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி கோல்ஃபின் நேரடிப் பொருளாதார மதிப்பு 10,170 கோடி டாலர். சுற்றுவழித் தாக்கத்தையும் சேர்த்தால் 22,650 கோடி டாலர், 16.5 லட்சம் வேலைகள். நேரடி மதிப்பு 2016ல் 8,410 கோடியாக இருந்தது, ஆகவே 20 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று துண்டறிக்கை மார்தட்டுகிறது. இங்கேதான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 2016ல் சராசரியாக 240, 2022ல் 292.7. விலைவாசியே சுமார் 22 சதவீதம் ஏறியிருக்கிறது. அதைக் கழித்தால் கோல்ஃப் வளரவில்லை, இருந்த இடத்திலேயே நிற்கிறது. கொரோனா காலத்தில் ஆட்டம் அத்தனை கூடியபோதும் நிலைமை இதுதான் என்றால் அதுவே ஆராய வேண்டிய விஷயம். ஆனால் துண்டறிக்கைக்கு அந்தக் கேள்வி உதவாது.

அடுத்த ஓட்டை வேலைக் கணக்கில். 2011ல் 19.8 லட்சம், 2016ல் 18.9 லட்சம், 2022ல் 16.5 லட்சம். டாலர் ஏறுகிறது, ஆள் குறைகிறது. இதை வைத்துத் தொழில் ஆட்குறைப்பு செய்துவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. 2011 அறிக்கையை எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலும், 2016 அறிக்கையை டெகானமி பார்ட்னர்ஸும், 2022 அறிக்கையை நேஷனல் கோல்ஃப் ஃபவுண்டேஷனும் செய்தன. அளவுகோலைப் பிடித்த கை ஒவ்வொரு முறையும் வேறு. இப்படிப்பட்ட எண்களை ஒரே கோட்டில் நிறுத்தி வளைவு வரைந்து காட்டினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பட்ஜெட் குழு ஆள் சாதாரணமானவராக இருந்தாலே பிடித்துவிடுவார்.

மொத்தத் தாக்கம் என்ற எண் நேரடி எண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேலே நிற்பதன் சூட்சுமத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மைதானம் உரம் வாங்குகிறது, உரக் கம்பெனி லாரிக்கு வாடகை கொடுக்கிறது, லாரி ஓட்டுநர் மளிகை வாங்குகிறார். இந்தச் சங்கிலியை உள்ளீட்டு-வெளியீட்டு மாதிரியில் போட்டுப் பெருக்குகிறார்கள். முறையில் தப்பில்லை. ஆனால் கோல்ஃப் இல்லாவிட்டால் அந்த ஆட்டக்காரர் அதே பணத்தை பௌலிங்கிலோ கடற்கரை விடுதியிலோ செலவழித்திருப்பார், அப்போதும் ஒரு லாரி ஓட்டுநர் மளிகை வாங்கியிருப்பார். மாதிரிக்குள் அந்த மாற்றுச் செலவுக்கு இடமில்லை. வெளியூரிலிருந்து விளையாட வருபவர் கொண்டுவரும் பணம்தான் ஊருக்குப் புதுப்பணம். தேசிய எண்ணைக் காட்டுவதைவிட, உங்கள் மைதானத்துக்கு வருபவர்களில் ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து வருகிறவர் எத்தனை பேர் என்று முன்பதிவு மென்பொருளிலிருந்து எடுத்துக் காட்டுவது பல மடங்கு வலு.

பணக் கணக்கோடு வரும் ஒரு தகவல் மட்டும் நிஜமாகவே வேலை செய்கிறது: அமெரிக்க மைதானங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுமக்கள் காசு கொடுத்து ஆடக்கூடியவை. 144ஆம் பிரிவின் கோபத்துக்கு நேரடிப் பதில் இதுதான். இதைப் பின்னால் புதைத்துவிட்டு 22,650 கோடியை முன்னால் போடுவது யாருடைய யோசனையோ.

இனி அடியில் கிடக்கும் சரக்கு. மைதானக் கண்காணிப்பாளர்கள் சங்கமான ஜிசிஎஸ்ஏஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவின் நிதியுடன், மைதானங்கள் எவ்வளவு தண்ணீர், உரம், மருந்து, மின்சாரம் செலவழிக்கின்றன என்று கணக்கெடுக்கத் தொடங்கியது. தண்ணீருக்கு அடிப்படை ஆண்டு 2005, பிறகு 2013லும் 2020லும் அதே கேள்விகள் மறுபடி. 2005ல் ஆண்டுக்கு 23.8 லட்சம் ஏக்கர்-அடி தண்ணீர், 2013ல் 18.6 லட்சம், 2020ல் 16.8 லட்சம். பதினைந்து ஆண்டில் 29 சதவீதம் குறைவு.

ஏக்கர்-அடி நமக்குப் பழகாத அளவு என்பதால் டிஎம்சியில் சொல்லலாம். 2005ல் அமெரிக்க கோல்ஃப் முழுவதும் சேர்ந்து குடித்தது சுமார் 104 டிஎம்சி. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி. அதாவது ததும்பும் மேட்டூரைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது. 2020ல் சுமார் 73 டிஎம்சி. குறைந்த 31 டிஎம்சியில் செம்பரம்பாக்கத்தை எட்டு முறை நிரப்பலாம்.

இந்த அறிக்கையின் தரம் எண்ணில் மட்டுமில்லை, எண்ணைப் பிரித்துச் சொன்ன நேர்மையிலும் இருக்கிறது. 2005க்கும் 2013க்கும் இடையில் குறைந்த 21.8 சதவீதத்தில் 14.7 சதவீதப் புள்ளிகள் கண்காணிப்பாளர்கள் மிச்சப்படுத்தியவை என்றும், 7.1 புள்ளிகள் மைதானங்கள் மூடப்பட்டதால் வந்தவை என்றும் அவர்களே எழுதினார்கள். கடையை மூடியதைச் சிக்கனமாகக் காட்டாத தொழில்துறை அறிக்கை அபூர்வம். உரக் கணக்கிலும் விவரம் உண்டு: 2006 முதல் 2014 வரை தழைச்சத்து 34, மணிச்சத்து 53, சாம்பல்சத்து 42 சதவீதம் குறைந்திருக்கிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இப்படி விழுந்ததற்கு, பல மாநிலங்கள் புல்தரைக்கு பாஸ்பரஸ் உரம் போடுவதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்ததும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. எல்லாமே தானாகத் திருந்தியது போலப் பேசினால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

குறையும் உண்டு. கணக்கெடுப்பு தன்னார்வமானது, படிவத்தை நிரப்புகிறவர் மைதானத்துக்காரரேதான். தண்ணீர் மீட்டர் இல்லாத மைதானம் பம்ப் ஓடிய மணிநேரத்தை பம்பின் பெயர்ப்பலகையில் இருக்கும் திறனால் பெருக்கி எழுதும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்திருந்தால் அந்த எண் நிஜத்தைவிடக் கூடுதலாக வரும். தண்ணீரை ஒழுங்காக அளப்பவர்தான் படிவத்தையும் ஒழுங்காகத் திருப்பி அனுப்புவார் என்பதால் மொத்தப் படம் கொஞ்சம் அழகாக வந்துவிடும் அபாயமும் இருக்கிறது. ஆனாலும் முடிவுகளைத் தனியாக மறுஆய்வு செய்யும் இதழில் வெளியிட்டார்கள். பணக் கணக்குக்கு இல்லாத பலம் இது.

தேசிய எண் அங்கே இருக்கட்டும். மாவட்ட நீர் வாரியத்திடமோ நகராட்சியிடமோ பேசப் போகிறவர் கையில் தன் மைதானத்தின் எண் இருக்க வேண்டும். அதை எடுப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் பாசனப் பரப்பு. அமெரிக்காவில் பதினெட்டுக் குழி மைதானம் ஒன்று சராசரியாக 150 ஏக்கர் இருக்கும். அதில் பராமரிக்கும் புல் சுமார் 100 ஏக்கர், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளான கிரீன்கள் எல்லாம் சேர்ந்து மூன்று ஏக்கர் பக்கம்தான். தண்ணீர் பாய்வது எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பலர் மைதானம் கட்டிய காலத்து வரைபடத்தை நீட்டுகிறார்கள். அதில் பங்கர் என்ற மணல்பள்ளம், வண்டிப் பாதை, பிற்பாடு வளர்ந்த மரக்கூட்டம் எல்லாம் பாசன நிலமாகவே இருக்கும். ஜிபிஎஸ் வைத்து நடந்தோ ட்ரோன் படத்தில் வரைந்தோ திரும்ப அளக்க வேண்டும். பரப்பு தப்பானால் ஏக்கருக்கு இவ்வளவு என்ற எண்ணும் தப்பு, அதன்மேல் கட்டும் வாதமும் தப்பு.

அடுத்தது, தண்ணீர் எல்லா இடத்திலும் சமமாக விழுகிறதா என்று பார்க்கும் கிண்ணச் சோதனை. காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்கும் காலைநேரம் நல்லது. ஒரே வாயளவு கொண்ட கிண்ணங்களைக் கிரீன்மேல் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாக வைத்து, அந்தப் பகுதிக்குப் பாயும் ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாவற்றையும் சம நேரம் ஓடவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், தலை முழுச்சுற்று எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும் அளவுகுழாயில் ஊற்றிக் குறித்துக்கொண்டு, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, குறைவாக நிரம்பிய முதல் கால்வாசியின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் சீர்மை எண்.

அந்த எண் 0.55 என்று வந்தால் என்ன அர்த்தம்? வறண்ட மூலைக்குப் பத்து மில்லிமீட்டர் போய்ச் சேர, மொத்த இடத்துக்கும் சராசரியாகப் பதினெட்டு மில்லிமீட்டர் ஊற்ற வேண்டும். அதையே 0.75க்குக் கொண்டுவந்தால் பதின்மூன்றரைக்குள் முடிந்துவிடும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், புல்லில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சீர்மை கெடுவதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான். வருடக்கணக்கில் மேல்மண் தூவித் தூவித் தரை உயர்ந்து ஸ்பிரிங்க்ளர் தலை புதைந்துபோகும், தண்ணீர் பக்கத்துப் புல்லிலேயே மோதி விழும். அறுக்கும் எந்திரம் ஏறித் தலை சாயும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த நாசிலை மாட்டியிருப்பார்கள், ஒரே வரிசையில் மூன்று நிறம், அதாவது மூன்று அளவு. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் துளியாக விழாமல் மூடுபனியாகக் கிளம்பிக் காற்றோடு போய்விடும். புது கம்ப்யூட்டர் கன்ட்ரோலர் வாங்கிக் கொடுங்கள் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்பதற்கு முன்னால், மட்டம் பார்த்துத் தலைகளை உயர்த்துகிற வேலையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுற்றுச்சூழல் பங்களிப்பு என்ற பேச்சில் அடுத்து வருவது மறுசுழற்சித் தண்ணீர். 2013 கணக்கில் மைதானங்களில் சுமார் 15 சதவீதம்தான் அதைப் பயன்படுத்தின, ஆனால் மொத்தத் தண்ணீரில் அது ஏறக்குறைய கால் பங்கு. தண்ணீர் அதிகம் குடிக்கும் வறண்ட மாநில மைதானங்களே சுத்திகரிப்பு நிலையத்தின் குழாயோடு இணைந்திருக்கின்றன என்பது இதிலிருந்து தெரியும். நல்ல வாதம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். வேர்ப்பகுதியில் சேரும் உப்பை இறக்க அவ்வப்போது கூடுதலாகப் பாய்ச்ச வேண்டியிருக்கும், ஜிப்சம் செலவும் சேரும். குடிநீரைத் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இதை மறைப்பது சரியில்லை.

பசுமை, பறவை, குளிர்ச்சி என்ற பகுதிதான் துண்டறிக்கைகளில் மிகவும் கவிதையாக எழுதப்பட்டு, மிகக் குறைவாக நிரூபிக்கப்பட்டது. இதற்கு ஒரு நல்ல மாற்று மினசோட்டாவில் நடந்த ஆய்வு. மினியாபொலிஸ்-செயின்ட் பால் பகுதி மைதானங்களை வேறு விதமாகப் பயன்படுத்தினால் என்னவாகும் என்று ஒப்பிட்டார்கள். குடியிருப்போ தொழிற்சாலையோ அந்த இடத்தில் வந்தால் வெப்பம் கூடும், தேனீக்களுக்கும் நட்டம். ஆனால் இயற்கைக் காட்டோடு ஒப்பிட்டால் கோல்ஃப் பின்தங்கிவிடுகிறது. கேள்வி எப்போதும் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான். வீட்டுமனைத் தரகர் எதிரில் இருந்தால் இந்த ஆய்வு உங்களுக்குத் துணை. பூங்கா கேட்கும் ஊர்க்காரர் எதிரில் இருந்தால் அவருக்குத் துணை.

கலிபோர்னியாவில் இது சட்டமன்றம் வரைக்கும் போனது. நகராட்சி கோல்ஃப் மைதானங்களை வீடுகளாக மாற்ற மானியம் தர முனைந்த 672ஆம் எண் மசோதா 2022ல் குழு நிலையோடு நின்றது. அங்கே எதிர்த்து நின்ற தெற்கு கலிபோர்னியா கோல்ஃப் சங்கத்தின் குரல் குறைந்த கட்டணத்தில் ஆடும் பொது மைதானங்களைச் சுற்றியே இருந்தது. நம் பக்கத்து உதாரணம் கிண்டி. 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தபோது உள்ளே இருந்த கோல்ஃப் மைதானமும் சேர்ந்தே பேச்சில் வந்தது. அங்கே எழுந்த முக்கியக் கேள்வி மழைநீர்: வேளச்சேரிப் பக்கம் ஓடும் வெள்ளத்தை இந்த நிலம் எவ்வளவு தாங்கும்? அதற்குக் கோடி டாலர் அறிக்கை எதிலும் பதில் கிடையாது. கன அடியில்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூட்டையின் பலவீனமான முடிச்சு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு கையில் நீர்ச் சிக்கன அறிக்கை, மறு கையில் 2015ல் ஒபாமா அரசு கொண்டுவந்த நீர்நிலைப் பாதுகாப்பு விதிக்கு எதிர்ப்பு. மைதானத்துக் குட்டைகளும் வடிகால்களும் மத்திய அனுமதிக்குள் வந்துவிடும் என்று ஜிசிஎஸ்ஏஏ பயந்ததில் நியாயம் இருக்கலாம். காகித வேலையும் செலவும் நிஜம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சாக்கெட் வழக்கில் அந்த வரம்பைச் சுருக்கியதும் பிரச்சினை பெருமளவு தணிந்தது. ஆனாலும் ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் இரண்டையும் பேசினால், எதிரே இருப்பவருக்கு முதல் அறிக்கை வெறும் அலங்காரமாகத் தோன்றும். தனித்தனி நாளில், தனித்தனி ஆளிடம் பேசலாம். அல்லது எதிர்ப்புக் கடிதத்தோடு எந்த வகைக் குட்டை, எத்தனை ஏக்கர், என்ன அனுமதிச் செலவு என்று கணக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஆள் பற்றாக்குறைக் கோரிக்கை இதைவிடத் தெளிவானது. பருவகால வேலைக்கான ஹெச்-2பி விசா ஆண்டுக்கு 66,000தான், அரையாண்டுக்கு 33,000 என்று பிரிப்பார்கள். வட மாநில மைதானங்களுக்கு ஆள் தேவைப்படுவது ஏப்ரலில், அதே நேரத்தில்தான் தோட்ட வேலைக் கம்பெனிகளும் ஹோட்டல்களும் முண்டியடிக்கின்றன. முன்பு வந்து திரும்பிப் போன தொழிலாளியை உச்சவரம்பில் சேர்க்காதீர்கள் என்பது கோரிக்கை. எண், தேதி, தீர்வு மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்குகின்றன. உடற்பயிற்சிச் செலவுக்கு வரிச்சலுகை தரும் பிட் மசோதாவும் அப்படித்தான்: 2018 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய வடிவம் கோல்ஃப், வேட்டை, படகு, குதிரை வசதி உள்ள இடங்களைத் தள்ளிவைத்தது, அந்த ஒரு சொல்லை எடுங்கள் என்று கேட்டால் போதும். செனட்டைத் தாண்டாமல் மசோதாவே நின்றுவிட்டது வேறு கதை.

மூன்றாவது சரக்கு, நேஷனல் மால் புல் வேலை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கண்காணிப்பாளர்கள் நாடாளுமன்றத்துக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் இடைப்பட்ட வெளியில் துளைபோடும் எந்திரம் ஓட்டுகிறார்கள், விரல் நீள மண்கட்டிகளைக் கூட்டி அள்ளுகிறார்கள், விதை தூவுகிறார்கள், பாதை ஓரத்தைச் சீவி நேராக்குகிறார்கள், செத்த இடத்தில் புல்பாய் விரிக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் மிதித்து இறுகிய மண்ணுக்கு இது உண்மையான வைத்தியம். மூன்றில் இதுதான் எந்த விளக்கமும் கேட்காத சரக்கு. ஒரு குறை மட்டும்: நிகழ்ச்சி வசந்தத்தில் நடக்கிறது. வாஷிங்டன் தட்பவெப்பத்தில் ஃபெஸ்க்யூ, ப்ளூகிராஸ் புல் வகைகளுக்கு விதைப்பருவம் செப்டம்பர். வசந்தத்தில் தூவிய விதை வேர் பிடிப்பதற்குள் கிராப்கிராஸ் களையும் ஜூலை வெயிலும் வந்து நிற்கும். களை முளைக்காமலிருக்க மருந்து அடித்தால் விதையும் முளைக்காது. அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

அலுவலகச் சந்திப்புக்கு வருவோம். உறுப்பினரையே பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் இளவயது உதவியாளர், கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். விட்டுவிட்டு வர ஒரே ஒரு தாள். மேலே தொகுதியின் பெயரும் மைதானத்தின் பெயரும். அதன்கீழ் சம்பளமாகக் கொடுத்த தொகை, சீசனிலும் சீசன் இல்லாதபோதும் எத்தனை ஆள், பொது ஆட்டக்காரருக்கு வார நாள் கட்டணம், இலவசமாகப் பயிற்சி எடுக்கும் உயர்நிலைப் பள்ளி அணிகள். நடுவில் ஒரே ஒரு கோரிக்கை, மசோதா எண்ணோடு. ஐந்து கோரிக்கை கொடுத்தால் ஐந்தும் ஒரே கோப்பில் போய் உறங்கும். தேசிய 22,650 கோடியைப் போட்டே தீர வேண்டுமென்றால் அடியில் சின்ன எழுத்தில் போடலாம். தாளின் பின்பக்கம் தண்ணீருக்கு: பாசன ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு, ஐந்து ஆண்டுக்கு முன் எவ்வளவு, எதை மாற்றியதால் குறைந்தது. பக்கத்திலேயே மீட்டரின் படம், தேதி தெரிகிற மாதிரி.